மீடியம் ஃபார்மேட் மிரர்லெஸ்: சிங்கப்பூரில் புதிதாக இறங்குபவருக்கு

"அண்ணே, ஃபுல் ஃப்ரேமை வித்துட்டு மீடியம் ஃபார்மேட்டுக்குப் போகலாமா?" என்று வருடத்துக்கு நாலைந்து பேராவது வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். ஃபுல் ஃப்ரேம் என்றால் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சட்டத்தின் அளவில் சென்சார் (ஒளியைப் படமாக்கும் தகடு) உள்ள கேமரா, மீடியம் ஃபார்மேட்டில் அது இன்னும் பெரிது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "நீங்க எடுக்கிற ஆளோ பொருளோ உங்களுக்காக ரெண்டு நிமிஷம் நிக்குமா?"

நிற்கும் என்றால் மேலே படியுங்கள். ஓடுகிற பிள்ளை, பந்து, கிளை விட்டுக் கிளை பறக்கும் இருவாச்சி என்றால் கையில் இருக்கும் கேமராவே போதும். மிச்சமாகும் வெள்ளியில் குடும்பத்தோடு ஊருக்குப் போய் வரலாம்.

நான் 2019-ல் ஒரு ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50ஆர் வாங்கினேன். இன்றுவரை அதுதான். கூடப் படமெடுக்கும் அக்கா ஒருவர், பரதநாட்டியப் பிள்ளைகளின் அரங்கேற்றப் படங்களுக்காக ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் வைத்திருக்கிறார். ஈசூனில் இருக்கும் நண்பரிடம் ஹாசல்பிளாட் எக்ஸ்1டி. மூன்று பேரும் பட்டதைச் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எதை வாங்குகிறோம்?

பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். ஃபிலிம் காலத்தில் மீடியம் ஃபார்மேட் என்றால் 120 ரோல். அதில் ஆகச் சிறிய 6×4.5 சட்டமே ஏறத்தாழ 56×42 மில்லிமீட்டர் வரும். இன்றைய ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ், ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசைகளின் சென்சார் 44×33 மில்லிமீட்டர்தான். ஃபுல் ஃப்ரேமைவிடப் பரப்பில் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. "அட, இவ்வளவுதானா" என்று நினைப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், தப்பில்லை.

சென்சார் பெரிதாவதால் லென்ஸின் எண்ணும் (மில்லிமீட்டரில் குவியத்தூரம்) வேறு மாதிரி வேலை செய்யும். எந்த லென்ஸாக இருந்தாலும் 0.79-ஆல் பெருக்குங்கள், ஃபுல் ஃப்ரேம் கணக்கு வந்துவிடும். 63 என்றால் 50, 45 என்றால் 36, 110 என்றால் 87. சட்டத்தின் வடிவமும் 3:2 இல்லை, 4:3. நிறுத்திவைத்து எடுக்கும் ஆள் படத்துக்கு இது அற்புதமாகப் பொருந்தும். தெருப் படம் எடுத்துப் பழகியவர்களுக்குத்தான் முதல் மாதம் ஓரங்கள் இடிக்கும்.

பாடியைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு குடும்பம்: 50 மெகாபிக்சல், 100 மெகாபிக்சல். முதலாவதில் ஃபியூஜியின் 50எஸ் (2017), 50ஆர் (2018), 50எஸ் 2 (2021), ஹாசல்பிளாட்டின் எக்ஸ்1டி, எக்ஸ்1டி 2. இரண்டாவதில் ஃபியூஜியின் 100 (2019), 100எஸ் (2021), 100-இன் இரண்டாம் பதிப்பு (2023), 100எஸ் 2 (2024), ஹாசல்பிளாட் எக்ஸ்2டி (2022).

மெகாபிக்சலை மறந்துவிட்டு மூன்று விஷயத்தைப் பாருங்கள்.

ஒன்று, ஃபோகஸ். 50 மெகாபிக்சல் பாடிகள் ஒளி-இருள் மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) வைத்து ஃபோகஸ் தேடுபவை. லென்ஸ் முன்னே போய், பின்னே வந்து, "ம்… இங்கேதான்" என்று நிற்கும். வெயிலில் பிரச்சினை இல்லை. கோயில் மண்டபத்து வெளிச்சத்தில் பொறுமை வேண்டும். ஃபியூஜியின் 100 வரிசையில் ஃபேஸ் (Phase, முகம் இல்லை) டிடெக்‌ஷன் உண்டு, கண்ணைப் பிடித்தால் விடாது. அக்கா 100எஸ் எடுத்ததே அதற்காகத்தான். எட்டு வயதுப் பிள்ளை அரைமண்டியில் எவ்வளவு நேரம் இருக்கும்?

இரண்டு, ஆட்டம் தாங்கும் வசதி. 50ஆர், 50எஸ், எக்ஸ்1டி பாடிகளில் அது கிடையாது. 50எஸ் 2, 100எஸ், எக்ஸ்2டி பாடிகளில் உண்டு. என்னிடம் இல்லாததால் 63 லென்ஸை 1/125-க்குக் கீழே கையில் பிடிப்பதில்லை. பழைய "லென்ஸ் எண்ணுக்குச் சமமான ஷட்டர் வேகம்" என்ற விதி இங்கே செல்லாது, அதன் இரண்டு மடங்கு வையுங்கள். 100 மெகாபிக்சலில் அதையும் தாண்ட வேண்டும்.

மூன்று, பேட்டரி. சில்லறை விஷயம் போலத் தெரியும். 50எஸ் 2, 100எஸ் இரண்டும் எக்ஸ்-டி4 பயன்படுத்தும் அதே பேட்டரியைத்தான் எடுக்கும். ஏற்கெனவே அந்தக் கேமரா இருந்தால் உபரி பேட்டரி வீட்டிலேயே இருக்கிறது. 50ஆர், 50எஸ் பேட்டரி வேறு.

எனக்குத் தோன்றுவது: முதல் முறை என்றால் கைமாற்றில் (பிறர் பயன்படுத்தியது) ஒரு 50எஸ் 2. 50ஆர் கையில் பிடிக்க அழகு, பார்க்கவும் அழகு, ஆனால் பின்னால் நான்கு திசைப் பட்டன்கள் இல்லாமல் ஒற்றை ஜாய்ஸ்டிக்கோடு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். எக்ஸ்1டி நண்பரோ தன் கேமராவை இன்னும் "தூங்குமூஞ்சி" என்றுதான் கூப்பிடுகிறார். சுவிட்சைப் போட்டுவிட்டுக் காப்பிக்கடையில் ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) சொல்லலாம் என்பார். ஆனால் அதில் வரும் தோல் நிறத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்.

லென்ஸ்: ஒன்றோடு நிறுத்துங்கள்

பணம் கரைவது இங்கேதான். பாடியைக் கைமாற்றில் மலிவாகப் பிடித்தவர்கள் எல்லாம் லென்ஸில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஃபியூஜியில் தொடங்க மூன்று வழி (எஃப் எண் சிறியதானால் லென்ஸின் திறப்பு பெரிது). 63 எஃப் 2.8, சாதாரணப் பார்வைக் கோணம், 405 கிராம். 50 எஃப் 3.5, அதைவிடச் சின்னது, 335 கிராம், தெருவுக்கு ஏற்றது. 35-70 ஜூம், 390 கிராம், 50எஸ் 2-வோடு சேர்த்து விற்ற லென்ஸ் என்பதால் கைமாற்றில் நிறையக் கிடைக்கும். இந்த ஜூமை "கிட் லென்ஸ்தானே" என்று ஒதுக்கியவன்தான் நானும். ஒரு நாள் இரவல் வாங்கிப் பார்த்தபின் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். மடங்கியிருக்கும் லென்ஸ் அது, முறுக்கித் திறந்தால்தான் வேலை செய்யும். கேமரா கெட்டுவிட்டது என்று முதல் நாள் பதறாதீர்கள்.

ஒரு கூடுதல் லாபம்: இந்த மூன்றுக்கும், 45 எஃப் 2.8-க்கும் ஃபில்டர் அளவு ஒன்றே, 62 மில்லிமீட்டர்.

பிறகு ஆசை வரும். 110 எஃப் 2 லென்ஸை யாராவது உங்கள் கையில் கொடுப்பார்கள். ஒரு கிலோ எடை. எனக்கும் கொடுத்தார்கள். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் தமிழ் முரசு வாசிக்கும் பெரியவர் ஒருவரைக் கேட்டு, உட்காரவைத்து, முழுத் திறப்பில் முப்பது படம் எடுத்தேன். கேமராத் திரையில் எல்லாமே பிரமாதம். வீட்டில் கணினியில் பெரிதாக்கினேன். புருவத்தில் ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியாக எண்ணலாம். கண் மட்டும் பஞ்சு. முப்பதில் தேறியது நான்கு. ஒன்றரை மீட்டர் தூரத்தில் அந்த லென்ஸுக்குக் கூர்மையாக இருக்கும் ஆழமே ஒரு விரற்கடைதான். நானோ நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்துவிட்டு, கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி எடுத்திருக்கிறேன். அந்தக் கொஞ்சத்தில் விரற்கடை போய்விட்டது. ஆக, ஃபோகஸ் புள்ளியை ஆகச் சிறியதாக்கி, அதையே கண்மேல் நகர்த்துங்கள், கேமராவை நகர்த்தாதீர்கள். எஃப் 4-ல் தொடங்குங்கள். இந்தச் சென்சாரில் எஃப் 4-லேயே பின்னணி வேண்டிய அளவு கரையும்.

80 எஃப் 1.7 பற்றிக் கேட்பார்கள். படம் அருமை, ஃபோகஸ் மெதுவாகவும் சத்தமாகவும் நடக்கும். இனி முடிவு உங்களுடையது.

பழைய ஃபிலிம் லென்ஸ்களை அடாப்டரில் மாட்டலாம். மாமியா 645-இன் 80 எஃப் 1.9 போன்றவை ஜிஎஃப்எக்ஸில் நன்றாக உட்காரும். ஹாசல்பிளாட் எக்ஸ் வாங்குபவர்கள் மட்டும் கவனிக்க: அங்கே மெக்கானிக்கல் ஷட்டர் லென்ஸுக்குள்தான் இருக்கிறது, பாடியில் இல்லை. அந்நிய லென்ஸை மாட்டினால் மின்னணு ஷட்டரை மட்டுமே நம்ப வேண்டும். அது என்ன பாடு படுத்தும் என்பதைக் கீழே சொல்கிறேன். பதிலுக்கு ஒரு வரம் உண்டு. அந்த லென்ஸ் ஷட்டரால் ஃபிளாஷை 1/2000 வரை ஒத்திசைக்கலாம். ஃபியூஜியில் 1/125 தாண்டினால் ஹை ஸ்பீடு சிங்க் உள்ள ஃபிளாஷ் தேவை. உச்சி வெயிலில் மணமக்களை வெளியே நிறுத்தி ஃபிளாஷ் அடிப்பவருக்கு இது பெரிய வித்தியாசம்.

வாங்கும் இடத்தில்

சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கைமாற்றுக் கேமராக் கடைகள் இருக்கின்றன. கையில் எடுத்துப் பார்க்காமல் இந்தக் கேமராவை வாங்காதீர்கள், எடையே பலருக்கு முடிவைச் சொல்லிவிடும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால், 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு இங்கே இறங்கும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேரும். மலிவு என்று நினைத்த விலையோடு அதையும், அனுப்பும் செலவையும் கூட்டிப் பாருங்கள். உத்தரவாதம் எந்த நாட்டில் செல்லும் என்றும் கேளுங்கள்.

தனியாளிடம் வாங்கினால் கையில் ஒரு சின்ன டார்ச்சும் உங்கள் சொந்த மெமரி கார்டும் இருக்கட்டும். நான் ஒரு மேக்ரோ லென்ஸை எம்ஆர்டி கேட் பக்கத்தில் நின்றபடி, வேலைக்குப் போகிற அவசரத்தில், "மின்ட் கண்டிஷன் ப்ரோ" என்ற சொல்லை நம்பி வாங்கினேன். இரவில் டார்ச் அடித்தால் உள்ளே ஒரு மூலையில் சிலந்தி வலை போலப் பூஞ்சை. அந்த ப்ரோ அதற்குப் பிறகு பதில் போடவில்லை. லென்ஸின் பின்பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி அடித்து, முன்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பாடிக்கு: எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம். சென்சாரில் அழுக்கு இருந்தால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். தூசி என்றால் துடைத்துவிடலாம், கோடோ கீறலோ என்றால் நகருங்கள்.

வீட்டில் வைப்பது

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழக்கூடாது. டிரை கேபினெட் (ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) இல்லாமல் இந்தத் தீவில் இந்த லென்ஸ்களை வைத்திருப்பது, திறந்த டப்பாவில் அப்பளம் வைப்பது போல. ஈரப்பதத்தை 40-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் வையுங்கள், நான் 45-ல் விட்டுவிடுகிறேன். அப்பளத்தைக் காயவைக்கிற மாதிரி 25-க்குக் கொண்டுபோக வேண்டாம், ரப்பருக்கு நல்லதில்லை.

அடுத்தது வியர்வை. உங்கள் வியர்வை இல்லை, கேமராவினுடையது. இங்கே வெளிக்காற்றின் பனிப்புள்ளி பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டி இருக்கும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருள்மீதும் ஈரம் படியும். ஏர்கான் 21-ல் ஓடிய அறையிலிருந்து கேமராவை எடுத்து நேரே வெளியே வந்தால் கண்ணாடி பால் ஊற்றியது போல் ஆகிவிடும். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் தீமிதிக்கு டாக்சியில் போன இரவு எனக்கு நடந்தது. கால் மணி நேரம் துடைத்துக்கொண்டே நின்றேன். துடைக்கத் துடைக்க மீண்டும் படிந்தது. செய்ய வேண்டியது எளிது: குளிர்ந்த இடத்தைவிட்டு வந்ததும் பையைத் திறக்காமல் இருபது, முப்பது நிமிடம் விடுங்கள், உள்ளே கேமரா மெதுவாகச் சூடேறட்டும். போவதற்கு முந்தின இரவு ஏர்கான் இல்லாத அறையில் பையை வைத்தால் இன்னும் நல்லது. மங்கியிருக்கும்போது லென்ஸை மட்டும் கழற்றிவிடாதீர்கள். மிரர்லெஸ் என்பதால் பழைய எஸ்எல்ஆர் கேமராக்களைப் போல நடுவே மறைக்கும் முகக்கண்ணாடி ஏதும் இதில் இல்லை, லென்ஸுக்குப் பின்னால் சென்சார் அப்படியே வாயைத் திறந்துகொண்டிருக்கிறது.

முதல் வார செட்டிங்

கோப்பு: ரா (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பு), லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்டு (தரம் இழக்காமல் சுருக்கியது). ஐஎஸ்ஓ: நகராத பொருளுக்கு 100, மற்றபடி ஆட்டோ, மேல்வரம்பு 6400. ஃபியூஜி என்றால் ஷட்டர் வகையில் மின்னணு முன்திரையைத் தேர்ந்தெடுங்கள், இவ்வளவு பெரிய ஷட்டர் திறக்கும்போது ஏற்படும் அதிர்வு குறையும்.

முழு மின்னணு ஷட்டரைத் தொடாதீர்கள். 50 மெகாபிக்சல் சென்சார் மேலிருந்து கீழ்வரை தன்னைப் படித்து முடிக்கக் கிட்டத்தட்ட கால் விநாடி எடுக்கும். சத்தமில்லாமல் எடுக்கலாமே என்று தீபாவளி ஒளியூட்டுக்குச் சிராங்கூன் சாலையில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தேன். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும். கால் விநாடியில் 25 முறை. வளைவு, மயில், யானை எல்லாவற்றின் மேலும் ஜமுக்காளம் விரித்தது போல 25 பட்டை. ஒரு படமும் தேறவில்லை. மெக்கானிக்கல் ஷட்டர், 1/100 அல்லது 1/50. அடுத்த நாள் அப்படித்தான் மறுபடி போனேன்.

வேட்டியும் முகமும்

இவ்வளவு செலவுக்கும் எனக்கு நியாயம் கிடைப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வெயிலில் வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும், நம் ஊர் நிறமுள்ள ஒருவரை எடுங்கள். சாதாரணமாக இரண்டில் ஒன்றை இழப்போம். முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் வேட்டி வெளுத்து மடிப்பு, கரை எல்லாம் மறைந்து ஒரு வெள்ளைத் தாளாகிவிடும். வேட்டிக்கு வைத்தால் முகம் இருண்டுவிடும். அதைப் பிறகு கணினியில் தூக்கினால் கன்னத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல், நிறம் சாம்பல் பூத்து ஆளே நோயாளி போலத் தெரிவார்.

இந்தச் சென்சாரில் கூச்சமில்லாமல் வேட்டிக்கு வையுங்கள். திரையில் ஹிஸ்டோகிராமை (இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) போட்டு, வலது ஓரம் முட்டாமல் எக்ஸ்போஷரைக் குறையுங்கள். கேமராவில் முகம் கறுப்பாகத்தான் தெரியும், பயப்படாதீர்கள். வீட்டில் ராவைத் திறந்து நிழலை மட்டும் இரண்டு ஸ்டாப் (நான்கு மடங்கு வெளிச்சம்) உயர்த்துங்கள். ஐஎஸ்ஓ 100-ல் எடுத்திருந்தால் கன்னத்தின் பழுப்பு பழுப்பாகவே வரும், நெற்றியில் திருநீறு தனியாக, சந்தனம் தனியாக நிற்கும். ஒரு பங்குனி உத்திரத்தன்று எடுத்த படத்தில் காவடி எடுத்தவரின் தோளில் வழிந்த பாலின் கீழே தோலின் நிறம் தெரிந்தது. அன்றுதான் வீட்டில் "இதுக்கா இவ்வளவு காசு?" என்ற கேள்வி நின்றது. கொஞ்ச நாளைக்கு.

கோயிலுக்குள் எடுப்பதானால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கோப்பும் கணினியும்

10.2 கோடி புள்ளி, புள்ளிக்கு 16 பிட். சுருக்காமல் எடுத்தால் ஒரு படம் 200 மெகாபைட்டைத் தாண்டும். 64 ஜிபி கார்டில் முந்நூறுதான். பழைய மடிக்கணினி மூச்சு வாங்கும். 50 மெகாபிக்சல் அந்த அளவுக்குப் படுத்தாது, 16 ஜிபி ரேம் இருந்தால் ஓடும். ஃபியூஜியின் எக்ஸ் ரா ஸ்டூடியோ இலவசம், கேமராவைக் கேபிளில் இணைத்தால் கேமராவே உருமாற்றும் வேலையைச் செய்துதரும். ஹாசல்பிளாட்டுக்கு ஃபோகஸ் (Phocus) என்ற அவர்கள் மென்பொருளும் இலவசம்.

அச்சு என்றால், 50 மெகாபிக்சல் படம் அங்குலத்துக்கு 300 புள்ளியில் 70×52 செண்டிமீட்டர் வரும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சோபாவுக்கு மேலே மாட்ட அதற்கு மேல் இடமில்லை.

முதல் நடை

வார இறுதியில் காலை ஏழரைக்கு லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இறங்குங்கள். ஒரு பாடி, ஒரு லென்ஸ், இரண்டு பேட்டரி. நாற்பது படத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று எண்ணி வையுங்கள்.

முதல் பத்தைக் கட்டடங்களுக்குக் கொடுங்கள். கெர்பாவ் சாலையில் இருக்கும் அந்தப் பல வண்ணச் சீன வீடு, டன்லப் தெருவின் கடைவீடுகள். எதிரே நின்று, எஃப் 8, ஐஎஸ்ஓ 100, நேர்க்கோடு சாயாமல். பெரிதாக்கிப் பார்த்தால் ஜன்னல் சட்டத்தில் பெயிண்ட் உரிந்திருப்பதுகூடத் தெரியும். திரும்பி வரும்போது உங்கள் புளோக்கின் நீண்ட நடைவழியை ஃபியூஜியில் 65:24 சட்டத்தில் ஒரு முறை பாருங்கள். 1998-ல் ஃபியூஜியும் ஹாசல்பிளாட்டும் சேர்ந்து செய்த எக்ஸ்பேன் ஃபிலிம் கேமராவின் சட்ட வடிவம் அது. வீவக புளோக்குக்கென்றே அளவெடுத்தது போல இருக்கும்.

மீதியை ஆட்களுக்கு. கேட்டுவிட்டு எடுங்கள். கேமரா மெதுவானது என்பது இங்கே உதவியாகிறது. நீங்கள் புள்ளியை நகர்த்திக்கொண்டிருக்கும் நேரத்தில் எதிரே இருப்பவர் போஸ் கொடுத்துக் களைத்து, தன் வேலைக்குத் திரும்பிவிடுவார். அப்போது எடுங்கள். காம்பெல் லேன் பக்கம் பூக்கட்டும் ஓர் அக்காவை அப்படித்தான் எடுத்தேன். நார், மல்லிகை, ஈரவிரல், நகத்தில் பாதி அழிந்த மருதாணி. அடுத்த வாரம் நல்ல தாளில் அச்செடுத்து, அட்டை வைத்து, கவரில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நல்லா இருக்கு தம்பி. ஃபோன்ல அனுப்பிவிடேன், ஊருக்கு அனுப்பணும்."